நடுநாட்டுக் கைவினைஞர் வரி: கல்வெட்டுக் காலம் முதல் இக்காலம் வரை

1. முன்னுரை

தமிழ்நாட்டு வரி வரலாற்றை எழுதினோர் பெரும்பாலும் நிலவரியையே பொருளாகக் கொண்டனர். அது பொருத்தமேயாம், அரசின் வருவாயிற் பெரும்பகுதி நிலத்திலிருந்தே வந்தது. ஆயினும் நிலமின்றித் தம் கையையும் கருவியையும் நம்பி வாழ்ந்தோர் ஊர்தோறும் இருந்தனர். தறி நெய்வோர், செக்காட்டுவோர், மட்பாண்டம் வனைவோர், பொன்னும் இரும்பும் தட்டுவோர், மரம் ஏறுவோர், சிறு கடை வைப்போர், கூலிக்கு ஆள் திரட்டி ஒப்பந்தத்தில் வேலை முடிப்போர் ஆகிய இவரெல்லாம் தமக்குத் தாமே முதலாளியும் தொழிலாளியும் ஆவர். மாதச் சம்பளம் இவர்க்கில்லை. விளைச்சற் பங்கும் இல்லை. இத்தகையோர்மீது அரசு வரி விதிக்கப் புகும்போது எதனை அளந்து விதிப்பது என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவிற்கு அவ்வக்காலத்து அரசுகள் அளித்த விடைகளே இக்கட்டுரையின் பொருளாகும்.

நடுநாடு எனப்படும் தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு ஆகிய ஆறுகள் பாயும் நிலப்பகுதியை யாம் ஆய்வுக் களமாகக் கொள்கின்றோம். அதன்கண் கடலூர்க்கும் பண்ணுருட்டிக்கும் இடையே அமைந்த நெல்லிக்குப்பம், தெற்கே சிதம்பரம், மேற்கே திருமுதுகுன்றமாகிய விருத்தாசலம் ஆகிய ஊர்களைச் சிறப்பாக நோக்குவோம். இப்பகுதியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தொழில் வரி பற்றிய கல்வெட்டுச் சான்றும், கும்பினியாட்சிச் சான்றும், ஆலைத் தொழிற் சான்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் இஃது. ஒரே நிலத்தில் வரி மாறிய வரலாற்றைத் தொடர்ந்து காணின், மாறியன இவை, மாறாதன இவை எனத் தெளிய இயலும்.

2. பெயர்கள் காட்டும் பொருள்

முதற்கண் சொற்களை ஆராய்வோம். பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் பயிலும் தொழில் வரிப் பெயர்கள் பல. தறியிறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம், குசக்காணம், வண்ணாரப்பாறை, ஈழம்பூட்சி, இடைப்பாட்டம், தரகு, ஓடக்கூலி, உல்கு என்பன அவற்றுட் சில. ஆனைமங்கலச் செப்பேட்டில் இத்தகைய பெயர்கள் ஒரு நீண்ட வரிசையாகவே வருகின்றன.

இப்பெயர்களைக் கூர்ந்து நோக்கின் அவை இரு வகைப்படுதல் புலனாகும். ஒரு வகை கருவியால் அல்லது தொழிலிடத்தால் பெயர் பெற்றது. தறிக்கு இறை தறியிறை. செக்கிற்கு இறை செக்கிறை. வண்ணார் துணி வெளுக்கும் பாறைக்கு இறுப்பது வண்ணாரப்பாறை. மற்றொரு வகை தொழில் செய்யும் குழுவினால் பெயர் பெற்றது. தட்டார் இறுப்பது தட்டாரப்பாட்டம். குயவர் இறுப்பது குசக்காணம். ஈழம் என்பது கள்ளைக் குறிப்பதாதலின் ஈழம்பூட்சி மரமேறுவோர் இறுத்ததாம். இவ்விரு வகையிலும் ஈட்டிய பொருளின் அளவு பெயரில் இடம்பெறவில்லை. நெய்தவன் அவ்வாண்டு எத்தனை புடவை விற்றான் என்பதை அரசு கேட்கவில்லை. தறி உண்டா இல்லையா என்பதையே கேட்டது.

இதற்குக் காரணம் அறிதற்கு எளிது. தறியை எண்ணலாம், செக்கை எண்ணலாம். வருவாயை எண்ணுதல் அரிது. கணக்கெழுதும் வழக்கமில்லாக் குடிகளிடம் கண்ணுக்குத் தெரியும் பொருளே அளவுகோலாயிற்று. இம்முறையில் தண்டுவோனுக்கு எளிமை உண்டு. தொழிலாளிக்கும் ஒரு நன்மை உண்டு. வீதம் முன்னரே தெரிந்திருப்பின், கூடுதலாக உழைத்துப் பெறுவது முழுதும் அவனுக்கே உரியதாகும். ஆயின் தீமையும் அதனுள்ளேயே உறைகின்றது. பஞ்சத்தில் தறி ஓடாது நின்றாலும் தறி இருக்கின்றதன்றோ? அதற்கு இறை இறுத்தே ஆகவேண்டும். ஈட்டுமுன் இறுக்கவேண்டிய வரி என இதனைக் குறிக்கலாம். இக்குறிப்பை உளங்கொண்டு மேற்செல்வோம்.

வரியின் அளவைப் பற்றிப் பண்டைத் தமிழர் சிந்தியாமல் இல்லை. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை புறநானூற்றில் உள்ளது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால் சிறு நிலமும் யானைக்குப் பன்னாள் உணவாகும். யானையே வயலிற் புகுந்தாலோ உண்பதினும் மிதிபட்டு அழிவதே மிகுதி என்பது அதன் கருத்து. வரியின் அளவு மட்டுமன்று, அதனைக் கொள்ளும் முறையும் குடியைக் காக்கும் அல்லது கெடுக்கும் என்பதே அவ்வுவமையின் உயிர். முதற் குலோத்துங்கன் (கி.பி. 1070-1120) சுங்கந்தவிர்த்த சோழன் என்னும் சிறப்புப் பெயர் பெற்றமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. வரி நீக்கம் ஓர் அரசனுக்குப் பெயராக நிலைபெற்றதெனின், வரியின் சுமை மக்கள் நெஞ்சில் எத்துணை ஆழ்ந்திருந்தது என்பது தெளிவு.

3. 1429-ஆம் ஆண்டு எழுச்சி

விசயநகரர் ஆட்சியில் தொழில் வரிகள் பெருகின. பட்டடை நூலாயம், தறிக்கடமை, செக்குக்கடமை, பேர்க்கடமை, காசாயம், இனவரி முதலிய பெயர்கள் அக்காலக் கல்வெட்டுகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. இவற்றுள் பேர்க்கடமை ஆள்மீது விதித்தது. இனவரி குழுவின்மீது விதித்தது. பழைய தறியிறை போன்றவற்றோடு இவையும் சேர்ந்தமையால் ஒரே தொழிலாளி கருவிக்கும், தலைக்கும், தன் இனத்திற்கும் எனப் பலமுறை இறுக்க நேர்ந்தது.

இரண்டாம் தேவராயன் காலத்தில், கி.பி. 1429-இல், ஒரு பேரெழுச்சி நிகழ்ந்தது. விருத்தாசலம், எலவானாசூர், பெரம்பலூர்ப் பகுதி ஆடுதுறை, திருவைகாவூர், கொறுக்கை ஆகிய ஊர்களின் கல்வெட்டுகள் அதனைப் பதிந்து வைத்துள்ளன. வலங்கை 98 சாதியாரும் இடங்கை 98 சாதியாரும் ஒருங்கு கூடி, காணியாளரும் அரசு அலுவலராகிய இராசகரத்தாரும் முறையின்றி வாங்கும் வரிகளை இனிக் கொடுப்பதில்லை எனத் தீர்மானித்தனர். திருவைகாவூர்க் கல்வெட்டுச் செய்தி மிகவும் கருதத்தக்கது. விளைவுக்கேற்ப வரி கொள்ளாது அநீதியாக வரி கொண்டமையால் தாங்கள் ஊரை விட்டு ஓடிப்போகவும் எண்ணியதாகவும், பின்னர் மண்டலத்தார் யாவரும் ஒன்றுபட்டு நில்லாமையே இத்துன்பத்திற்குக் காரணம் என உணர்ந்ததாகவும் அம்மக்கள் கூறுகின்றனர். இனி முறைப்படி வேண்டுவதையே கொடுப்போம் என்பது அவர் முடிபு.

இக்கல்வெட்டுகளைச் சப்பானிய அறிஞர் நொபொரு கரசிமாவும் பேராசிரியர் எ. சுப்பராயலுவும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். உழுகுடிகளும் கைவினைஞரும் ஒருபுறமாகவும், நிலவுரிமையாளரும் ஆட்சியாளரும் மறுபுறமாகவும் நின்ற சமூக முரண்பாடாக அவர்கள் இதனை விளக்கினர். இக்கருத்து யாம் உடன்படுவதே. ஆயினும் தொழில் வரி நோக்கில் மூன்று செய்திகளை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முதலாவது, இரு கையினரும் ஒன்றுபட்டமை. வலங்கையும் இடங்கையும் பிற்காலத்தே தெருவுரிமைக்கும் ஊர்வலச் சிறப்பிற்கும் ஒருவரோடொருவர் பொருதமை பலரும் அறிந்தது. அத்தகைய பிரிவினர் வரியின் பொருட்டு ஒரு பந்தலின்கீழ் நின்றனர் எனின், அச்சுமை இரு சாராரையும் ஒப்ப நெருக்கியது என்பதே பொருள். கைக்கோளரும் கம்மாளரும் இடங்கையில் இருந்தமையால் இவ்வொற்றுமையில் நிலமற்ற தொழிலாளர் குரலும் கலந்திருந்தது.

இரண்டாவது, அவர்கள் வரியையே மறுத்தாரல்லர். கொறுக்கைக் கல்வெட்டில் பயிர்வகைக்கும் தொழில்வகைக்கும் இன்ன வீதம் என வரையறை செய்யப்பட்டுள்ளது. வீதம் தெரிந்த வரியை ஏற்றனர். வீதம் தெரியாத வரியை மறுத்தனர். இவ்வேறுபாடு நுட்பமானது. அரசுக்கு எதிரான கலகம் என ஒரு சொல்லில் இதனைக் கூறிவிடின் அந்நுட்பம் மறைந்துவிடும். வீதத்தைக் கல்லில் வெட்டி எல்லாரும் காணும் கோயிற் சுவரில் வைத்தமையே இவ்வெழுச்சியின் தலையாய பயன் என்பது எம் கருத்து. ஓலையில் இருப்பது கணக்கன் கையில் உள்ளது. கல்லில் இருப்பது ஊரார் கண்ணில் உள்ளது.

மூன்றாவது, வெளியேற்றம் என்னும் படை. நிலமுடையோன் நிலத்தைத் தூக்கிக்கொண்டு போகவியலாது. நெசவாளனோ தறியைக் கழற்றிக்கொண்டு அயலூர் போகலாம். ஓடிப்போக எண்ணினோம் என்னும் கூற்று வெறும் புலம்பலன்று; அது கைவினைஞரிடம் இருந்த வலிய கருவி. அரசும் கோயில்களும் திருமடைவிளாகங்களில் நெசவாளரைக் குடியேற்றிச் சில ஆண்டுகட்கு வரிச்சலுகை அளித்தமை இதன் மறுபக்கமாகும். குடியேற வருவோர்க்குச் சலுகை தரவேண்டியிருந்ததெனின், வெளியேறுவோரைக் கண்டு அஞ்சவும் வேண்டியிருந்தது.

எழுச்சியின் விளைவு யாது? சில ஆண்டுகள் கழித்து, 1446-47-ஐ ஒட்டி, வழுதலம்பட்டு உசாவடி எனப்பட்ட இப்பகுதிக்கு ஓர் அரசாணை பிறந்தது. இடங்கை வலங்கை மக்களிடம் அலுவலர் வலிந்து பெற்ற காணிக்கையால் மக்கள் நிலைகுலைந்தமையை ஏற்று, அதனை வாங்கலாகாது எனத் தடுத்த ஆணை அது. வழுதலம்பட்டு கடலூர் வட்டாரத்து ஊராதலின், நெல்லிக்குப்பத்தைச் சூழ்ந்த நாட்டிற்கு இவ்வாணை நேர்த்தொடர்புடையது. குடிகளின் கூக்குரல் பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் கழித்தேனும் அரசின் செவிக்கு எட்டியது என்பதற்கு இஃது ஒரு சான்று.

4. கும்பினியும் மொகதர்பாவும்

1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைவரை உள்ள ஊர்கள் அவர்க்கு உரியவாயின. அவை குண்டு கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. அவர்கள் வாங்க வந்தது துணி. எனவே நெசவாளர் குடிகள் அவ்வெல்லைக்குள் அமைவதில் அவர் கருத்தாயிருந்தனர். 1801-இல் தென்னார்க்காடு முழுவதும் கும்பினியின் நேராட்சிக்கு உட்பட்டது. அதன்பின் ஒரு வியத்தகு நிலை தோன்றியது. நெசவாளனுக்கு முன்பணம் தந்து துணி வாங்குவோரும், அவன் தறிக்கு வரி விதிப்போரும் ஒருவரே ஆயினர். விலையை வரையறுப்பவனே வரியையும் வரையறுப்பானாயின், தொழிலாளி முறையிடுதற்கு மூன்றாமவன் இல்லை.

அக்காலத்துத் தொழில் வரி மொகதர்பா எனப்பட்டது. தொழில் செய்வோன் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் வழி வந்தது இப்பெயர். ஆவணங்களில் இஃது எழுத்து வேறுபாடுகளோடு காணப்படும். தறி, செக்கு, கொல்லன் உலை, தச்சன் கருவி, கடை, வழியோரத்துக் கூடை வியாபாரம் எனச் சிறு தொழில் யாவும் இதனுள் அடங்கின. முன்னைய தறியிறை, செக்கிறை முதலியவற்றின் வழித்தோன்றல் இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. முற்காலத்து வரி பெரிதும் ஊர்க்கும் கோயிற்கும் நாட்டிற்கும் எனப் பகிரப்பட்டது. அதன் ஒரு பகுதி ஊர்க்கே திரும்பியது. மொகதர்பா கும்பினியின் கருவூலத்திற் சேர்ந்தது.

1852-இல் காசுலு இலட்சுமிநரசு செட்டியார் முன்னின்று தோற்றுவித்த சென்னைச் சுதேசிகள் சங்கம் ஆங்கிலப் பாராளுமன்றத்திற்கு ஒரு விண்ணப்பம் விடுத்தது. அதில் மொகதர்பாவைப் பற்றிய முறையீடு ஒரு தனிப்பகுதியாக உள்ளது. மிக மலிவான கருவிகளுக்கும் வரி உண்டு என்றும், சில இடங்களில் கருவியின் விலையைப்போல் ஆறு மடங்கு வரி கட்டவேண்டியுள்ளது என்றும், செல்வரினும் ஏழையரையே அது வருத்துகின்றது என்றும், தண்டுவோர் தம் விருப்பப்படி விதிப்பதால் வீடு புகுந்து ஆராய்தலும் பறித்தலும் நிகழ்கின்றன என்றும் அவ்விண்ணப்பம் கூறியது. 1429-இல் கல்லிற் பொறித்த முறையீட்டிற்கும் 1852-இல் தாளில் எழுதிய முறையீட்டிற்கும் இடையே 423 ஆண்டுகள் உள்ளன. எனினும் இரண்டின் சாரமும் ஒன்றே. வீதத்தின் உயர்வைக் காட்டிலும் வீதம் நிலையின்மையே அவர்கள் நெஞ்சைச் சுட்டது.

1855-இல் வெளியான சென்னை மாகாணச் சித்திரவதை ஆணைக்குழுவின் அறிக்கை, வரி தண்டும் பொருட்டு அண்ணாந்தாள், கிட்டி முதலிய கொடுமைகள் நிகழ்ந்தமையை உறுதிப்படுத்தியது. அவ்வறிக்கை பெரிதும் நிலவரி பற்றியதே. ஆயினும் வரி தண்டிய கை ஒன்றேயாதலின் கைவினைஞர் நிலையை உய்த்துணரலாம்.

இடையே மற்றொரு மாறுதலும் நேர்ந்தது. 1813-இல் கும்பினியின் இந்திய வாணிகத் தனியுரிமை நீங்கியது. அதன்பின் ஆங்கில ஆலைத்துணி பெருகிவந்தது. அதனோடு போட்டியிட்ட கைத்தறி தன் தறிக்கு வரி இறுத்தது. உள்நாட்டு வழிச்சுங்கம் 1844-இல்தான் நீங்கியது. எனவே ஒரு தலைமுறைக் காலம் அயல்துணி எளிதில் வர, உள்ளூர்த்துணி தறிக்கும் வழிக்கும் இறுத்து நலிந்தது. நெசவின் வீழ்ச்சிக்கு வரி மட்டும் காரணம் என்று யாம் கூறவில்லை. எந்திரத்தின் மலிவே தலைமைக் காரணம். ஆயினும் விழுவோன் முதுகில் வைத்த மூட்டை அவன் விழுதலை விரைவுபடுத்தும் என்பதில் ஐயமில்லை.

5. கருவியிலிருந்து வருவாய்க்கு

1857-இன் போருக்குப்பின் அரசின் கடன் பெருகியது. அதனை ஈடுசெய்ய சேம்சு வில்சன் 1860-இல் வருமான வரியைக் கொணர்ந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய் வருவாயுடையோரும் அதற்கு உட்பட்டனர். மாதத்திற்குக் கணக்கிடின் 16 ரூபாய்க்குச் சற்று மேல். சென்னை ஆளுநர் சார்லசு திரெவெலியன் இப்புதிய வரியை வெளிப்படையாக எதிர்த்தார். அதன் விளைவாக அவர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். 1861-இல் மொகதர்பா நீக்கப்பட்டது. தமிழகத் தொழில் வரி வரலாற்றில் இஃது ஒரு திருப்பம். பன்னூறாண்டுகளாகக் கருவியை அளந்த அரசு, முதன்முறையாக ஈட்டத்தை அளக்கப் புகுந்தது.

கோட்பாட்டளவில் இது முன்னேற்றமே. ஈட்டியவன் இறுப்பான், ஈட்டாதவன் இறான். ஆயின் நடைமுறை வேறு. கணக்கில்லாத செட்டியாரின் வருவாயையும் கொல்லனின் வருவாயையும் அறிவது எங்ஙனம்? மீண்டும் மதிப்பிடுவோன் மனமே அளவாயிற்று. 1862-இல் 500 ரூபாய்க்குக் குறைந்த வருவாயினர் விலக்கப்பட்டனர். 1865-இல் வரியே முடிவுற்றது. பின்னர் 1867-இல் உரிம வரி, 1868-இல் சான்றிதழ் வரி, 1869-இல் மீண்டும் வருமான வரி, 1873-இல் அதன் நீக்கம் என ஆண்டுக்கோர் மாற்றம் நிகழ்ந்தது. சிறு வணிகன் ஒரு சட்டத்தைப் புரிந்துகொள்ளுமுன் மறு சட்டம் வந்தது.

1876-78 தாது ஆண்டுப் பஞ்சத்திற்குப்பின், பஞ்ச நிவாரணச் செலவிற்கென 1878-இல் சென்னையில் உரிம வரிச் சட்டம் வந்தது. பஞ்சத்தால் நலிந்த தொழிலாளரிடமே பஞ்ச நிதி தண்டிய முரண் ஈண்டு நோக்கத்தக்கது. அவ்வாண்டே சூரத்தில் உரிம வரியை எதிர்த்துக் கலகம் மூண்டது. 1880-இல் 500 ரூபாய்க்குக் குறைந்த வருவாயினர் விலக்குப் பெற்றனர். 1886-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் அவ்வெல்லையையே நிலைநாட்டியது. வேளாண் வருவாயை முற்றும் விலக்கியது. அவ்வெல்லை 1903-இல் 1,000 ஆகவும் 1919-இல் 2,000 ஆகவும் உயர்ந்தது. இங்ஙனம் கைவினைஞருட் பெரும்பாலோர் நடுவணரசின் வருமான வரியிலிருந்து விடுபட்டனர்.

ஆயின் பழைய வரி முற்றும் மறையவில்லை. அது நகராட்சி வாயிலாக வேறு பெயரில் மீண்டது. கடலூர் 1866-இலும் சிதம்பரம் 1873-இலும் நகராட்சிகளாயின. நகராட்சிச் சட்டங்கள் தொழில் வரி விதிக்க இடமளித்தன. அதற்கு மேல் எல்லை வகுக்கும் தேவையும் விரைவில் உணரப்பட்டது. 1941-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 50 ரூபாய் என எல்லையிட்டது. அரசியலமைப்பின் 276-ஆம் உறுப்பு 250 ரூபாய் ஆக்கியது. 1988-இன் 60-ஆம் திருத்தம் 2,500 ரூபாய் ஆக்கியது. ஓர் உள்ளூர் வரிக்கு அரசியலமைப்பே தொகையிட்டு எல்லை வகுத்தமை அரிய செய்தி. கொறுக்கைக் கல்வெட்டின் உள்ளக்கிடக்கை ஐந்நூறு ஆண்டுகள் கழித்து நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் இடம்பெற்றது எனலாம்.

6. நெல்லிக்குப்பமும் ஆயத்தீர்வையும்

நெல்லிக்குப்பத்தின் புகழ் அதன் சர்க்கரை ஆலையால் வந்தது. பாரி நிறுவனத்தார் 1840-களில் அங்கு ஆலை அமைத்தனர். கரும்பேயன்றிப் பனைவெல்லமும் அங்கு மூலப்பொருளாயிற்று. ஆலையோடு சாராய வடிப்பும் இணைந்தது. 1897-இல் உருவான கிழக்கிந்திய வடிப்பாலை, சர்க்கரை ஆலை நிறுவனத்தின் பெயரிலேயே இவ்விரு தொழிலும் சேர்ந்திருத்தலைக் காணலாம்.

சாராயம் ஆயத்தீர்வைக்கு உரியது. அரசு ஊரூராகக் குத்தகை விட்ட பழைய முறையை மாற்றிப் பெரிய வடிப்பாலைகளிடம் வழங்கலை ஒப்படைத்தபோது, சிறு வடிப்போர் தொழிலிழந்தனர். தீர்வையைச் சில பெரிய வாயில்களில் தண்டுவது அரசுக்கு எளிது. பல்லாயிரம் சிறு அடுப்புகளில் தண்டுவது அரிது. வரி தண்டும் வசதியே தொழிலின் உருவை மாற்றிவிடும் என்பதற்கு நெல்லிக்குப்பம் ஒரு தெளிந்த எடுத்துக்காட்டு. மரமேறுவோர் நிலையும் அங்ஙனமே. 1886-ஆம் ஆண்டு ஆயத்தீர்வைச் சட்டத்தின்கீழ் மரவரி முறை பரவியது. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்திற்கும் உரிமமும் வரியும் வேண்டும். பழைய ஈழம்பூட்சி புதிய உருவில் மீண்டது என்க.

பின்னர் மதுவிலக்கு வந்தது. இராசாசி அமைச்சரவை 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. ஆயத்தீர்வை இழப்பை ஈடுசெய்ய 1939-இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் பொது விற்பனை வரி முதன்முதல் தோன்றியது இங்கேயாம். குடிப்பவனிடம் பெற்ற வரி, இனிக் கடைக்காரன் வாயிலாக வாங்குவோர் யாவரிடமும் பெறப்பட்டது. இதனால் சிறு கடைக்காரனுக்கு ஒரு புதிய கடமை பிறந்தது. அவன் வரி கொடுப்போன் மட்டுமல்லன். அரசுக்காக வரி தண்டித் தரும் ஊதியமில்லா அலுவலனும் ஆனான். கணக்கெழுதுதல் தொழிலின் ஓர் உறுப்பாயிற்று. 1957-இல் துணி, சர்க்கரை, புகையிலை ஆகிய மூன்றிற்கும் விற்பனை வரிக்கு மாற்றாகக் கூடுதல் ஆயத்தீர்வை விதிக்கப்பட்டமையால், அவற்றை விற்கும் சிறு வணிகர் ஓரளவு சுமை குறைந்தனர். 

7. ஒப்பந்தக்காரர்

கட்டட வேலையை ஒப்பந்தத்தில் முடித்துத் தருவோன் பொருளை விற்கின்றானா, உழைப்பை விற்கின்றானா? இவ்வினா சென்னை மாநிலத்திலிருந்தே உச்சநீதிமன்றத்தை அடைந்தது. கேனன் டங்கர்லி வழக்கில் 1958-இல் தீர்ப்பளித்த நீதிபதி டி. எல். வேங்கடராம ஐயர், கட்டட ஒப்பந்தம் பிரிக்கவியலா ஒன்று. அதனுள் செங்கல், சுண்ணாம்பு ஆகியவற்றின் விற்பனை தனியே இல்லை. ஆதலின் மாநிலம் விற்பனை வரி விதித்தல் செல்லாது என உரைத்தார். பெரிய நிறுவனம் தொடுத்த வழக்காயினும், அதன் நிழலில் ஊர்தோறும் இருந்த சிறு மேஸ்திரிகளும் தங்கினர். 1982-இன் 46-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் அந்நிழலை நீக்கியது. ஒப்பந்தத்தில் அடங்கிய பொருளின் மாற்றமும் விற்பனையாகக் கருதப்பட்டது. 2017 சூலை 1-இல் சரக்கு சேவை வரி வந்தபின் அது சேவை எனப்பட்டது. கால் நூற்றாண்டு விற்பனையன்று என விடப்பட்டது, பின்னர் விற்பனையாகி, அதன்பின் சேவையாயிற்று. சுவர் எழுப்புவோன் கையிலுள்ள கரண்டி மாறவில்லை. அவன் செய்வதற்கு அரசு இட்ட பெயரே மாறியது.

வருமான வரியிலும் மாற்றம் நேர்ந்தது. 1972-இல் 194-சி பிரிவு சேர்க்கப்பட்டு, ஒப்பந்தக்காரர்க்குப் பணம் தருவோரே வரியைப் பிடித்துக்கொண்டு தரும் முறை வந்தது. 2025-இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டமும் இம்முறையைத் தொடர்கின்றது. தனியாளுக்கு நூற்றுக்கு 1 என்பது சிறு வீதமாகவே தோன்றும். ஆயின் ஒரு கணக்கு இடுவோம். ஒரு கொத்தனார் ஆண்டில் 5,00,000 ரூபாய்க்கு வேலை செய்து முடிக்கின்றார் எனக் கொள்வோம். கல், மணல், கூலி போக நூற்றுக்கு 8 மிஞ்சின் அவர் ஈட்டம் 40,000 ரூபாய். பிடித்தமோ முழுத்தொகையில் 5,000 ரூபாய். அஃதாவது ஈட்டத்தில் எட்டில் ஒரு பங்கு. வேறு வருவாய் இல்லையெனின் அவர் இறுக்கவேண்டிய வரி ஏதுமில்லை. அத்தொகையைத் திரும்பப் பெற அவர் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். கணக்கு எண் காட்டாவிடின் 2010 முதல் பிடித்தம் நூற்றுக்கு 20 ஆயிற்று. அவர் ஈட்டத்தினும் அது மிகும். ஈட்டுமுன் இறுக்கும் வரி எனத் தறியிறைக்கு யாம் மேலே கூறிய குறிப்பு, ஈட்டத்தை அளக்கும் இக்காலத்து முறைக்கும் ஓரளவு பொருந்துவதாதல் காண்க.

இத்துன்பத்தைச் சட்டமும் உணராமல் இல்லை. 1994-இல் கட்டட ஒப்பந்தக்காரர்க்கு வரவில் நூற்றுக்கு 8 ஈட்டமாகக் கொண்டு, விரிந்த கணக்கின்றி வரி இறுக்க 44-ஏடி பிரிவு வழி செய்தது. பின்னர் அது பிற சிறு தொழிலர்க்கும் விரிந்தது. பத்துக்கு மேற்படாத சரக்கு வண்டிகளை உடையோர் உறுதிமொழி அளித்தால் பிடித்தமின்றிப் பணம் பெறலாம் என 2015-இல் அமைந்தது. கரும்பு ஏற்றும் வண்டியையே வாழ்வாகக் கொண்டோர்க்கு இத்தகைய விலக்கு எத்துணைப் பயனுடையது என்பதை ஆலையூரார் அறிவர். சரக்கு சேவை வரியிலும் சேவைக்கு ஆண்டு 20 நூறாயிரம், பொருள் விற்பனைக்கு 2019 முதல் 40 நூறாயிரம் ரூபாய் வரை பதிவு வேண்டா என எல்லை உண்டு. ஆயின் பதிவு பெறாதவனிடம் வாங்கினால் உள்ளீட்டு வரிச்சலுகை கிட்டாமையால், பெருநிறுவனங்கள் பதிவுடையோரையே நாடுகின்றன. சட்டம் விலக்கினும் சந்தை விலக்குவதில்லை. 1862-இன் விலக்கு வாழ்வோனை விட்டுவிட்டது. இக்கால விலக்கோ சில வேளைகளில் அவனை ஒதுக்கியும் வைக்கின்றது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் விளங்குவன சில. கருவியை அளந்த வரி ஈட்டத்தை அளக்கும் வரியாகவும், அது பின்னர்ப் பணம் செல்லும் வழியை அளக்கும் வரியாகவும் மாறியது. தண்டுவோன் ஊர்க் கணக்கனாக இருந்து, அரசு அலுவலனாகி, இன்று பணம் தருவோனும் கடைக்காரனுமே ஆயினன். குடிகள் பெரும்பாலும் வரியை மறுக்கவில்லை. தெரிந்த வீதம், தாங்கும் அளவு, முறையிட ஓரிடம் என்னும் மூன்றையே வேண்டினர். 1429-இன் கல்லும் 1852-இன் விண்ணப்பமும் இதனையே கூறுகின்றன.

ஒரு வேறுபாட்டையும் குறித்து அமைவோம். விருத்தாசலத்தில் கூடிய இரு கையினர் தம் வீதத்தைத் தாமே பேசி, தம் மொழியில், தம் கோயிற் சுவரில் வெட்டினர். இன்றைய வீதங்கள் அச்சிலும் கணினியிலும் வெளிப்படையாகவே உள்ளன. எனினும் அவற்றைப் படித்தறிய ஒரு சிறு தொழிலாளி பிறர் உதவியை நாடவேண்டியுள்ளது. வீதம் வெளியிடப்படுதல் வேறு. வீதம் அறியப்படுதல் வேறு. தொழில் வரிச் சொற்களைத் திரட்டி, அவற்றின் பொருளையும் வழக்காறுகளையும் காலவரிசைப்படுத்தும் ஒரு சொல்லடைவு தமிழ்த்துறைகளில் உருவாகுமாயின், அது கல்வெட்டு ஆய்வுக்கு மட்டுமன்றி, வரியை எளிய தமிழில் குடிகளுக்கு உணர்த்தும் பணிக்கும் துணையாகும். தறியிறை, செக்கிறை எனக் கேட்ட அளவில் பொருள் விளங்கும் பெயர்களை ஆக்கிய மொழிக்கு அப்பணி அரிதன்று.